பயாஸா, மென்பொருளா: ஃபேனை எதனிடம் விடுவது?

பாளையங்கோட்டையில் மாடி அறை. அக்னி நட்சத்திர நாட்களில் ராத்திரி பத்து மணிக்கும் தளம் சுடும். அங்கே கல்யாண வீடியோ எடிட் செய்யும் கம்ப்யூட்டருக்கு ஃபேன் வேகத்தைப் பயாஸில் (மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்பதா, விண்டோஸில் ஓடும் ஃபேன் கன்ட்ரோல் போன்ற மென்பொருளிலா?

பயாஸில் வைத்தால் ஒருமுறை வேலைதான். விண்டோஸ் உறைந்து நின்றாலும், லினக்ஸுக்கு மாறினாலும் அது பாட்டுக்கு ஓடும். ஆனால் பெரும்பாலான மதர்போர்டுகளில் கேபினட் ஃபேன் சிபியு, போர்டு சூட்டைத்தான் பார்க்கும். ரெண்டர் போடும்போது கிராபிக்ஸ் கார்டு 80 டிகிரியில் தகித்தாலும் அதற்குத் தெரியாது.

மென்பொருளில் அந்த ஃபேனை கிராபிக்ஸ் கார்டின் சூட்டோடு இணைத்துவிடலாம். எனக்கு இன்னும் பிடித்தது ஹிஸ்டெரிசிஸ் வசதி. பிரவுசரைத் திறந்ததுமே சூடு 45-லிருந்து 60-க்குத் தாவும், ஃபேன் 'உய்ங்' என்று ஏறி உடனே இறங்கும். சில டிகிரி மாறும்வரை, சில நொடி கடக்கும்வரை பொறு என்று சொல்லிவிட்டால் அந்தச் சத்தம் அடங்கிவிடும். சில பயாஸிலும் இது உண்டு, ஆனால் இவ்வளவு நுணுக்கமாக இருக்காது.

நான் சிபியு ஃபேனைப் பயாஸிடமும் கேபினட் ஃபேனை மென்பொருளிடமும் விட்டிருக்கிறேன். அப்புறம், மூன்று பின் ஃபேன் என்றால் பயாஸில் டிசி முறைக்கு (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றுவது) மாற்றுங்கள். பிடபிள்யூஎம்மில் (நான்காவது பின் வழியாகத் துடிப்பு சிக்னல் அனுப்பி வேகத்தை மாற்றுவது) விட்டால் எந்நேரமும் முழு வேகத்தில்தான் சுற்றும்.