பாண்டி ஈசிஆர் கார்ட் தடம்: ஜெயிக்கிறது ஆளா, வண்டியா?

"எல்லா வண்டியும் ஒண்ணுதான் சார், ஓட்டுறதுலதான் இருக்கு." எந்த வண்டி நல்ல வண்டி என்று கவுன்ட்டரில் யார் கேட்டாலும் இதுதான் பதில். பாதி உண்மை. புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் ஈசிஆர் ஓரத்தில் இருக்கும் இந்த வாடகை கார்ட் (கோ-கார்ட், அதாவது சின்னத் திறந்த பந்தய வண்டி) தடத்துக்குப் போகிறவர்கள் மீதிப் பாதியையும் தெரிந்துகொண்டு போனால் கொடுக்கும் காசுக்கு மோசம் போகமாட்டார்கள்.

முதலில் நல்லது. தடத்தின் அமைப்பு அருமை. நீண்ட நேர்பாதை ஒன்று, அதன் முடிவில் அப்படியே திரும்பி வரவைக்கும் கூரான ஹேர்பின் வளைவு, நடுவில் இடம் வலமாக மாறும் இரட்டை வளைவு. ஓரத்தில் டயர் அடுக்கி இறுகக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றின் நேரமும் தனித்தனியாக அச்சாகி வருகிறது. ஹெல்மெட்டுக்குள் போட துணி முகமூடி தருகிறார்கள், ஆனால் சொந்தமாக ஒன்று கொண்டுபோவது நல்லது. பாண்டி வெயிலில் பகல் முழுக்க பலர் தலையில் ஏறி இறங்கிய ஹெல்மெட்டின் வாசனையைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

இனி வண்டி. ஹோண்டா ஜிஎக்ஸ்200 எஞ்சின்: 196 சிசி, நாலு ஸ்ட்ரோக், 3,600 ஆர்பிஎம்மில் நிகரமாக 5.5 குதிரைத்திறன். தண்ணீர் பம்ப்பிலும் ஜெனரேட்டரிலும் ஓடுகிற அதே எஞ்சின்தான். கியர் கிடையாது. வேகம் ஏறியதும் தானாகப் பிடிக்கும் கிளட்ச், அதிலிருந்து செயின், செயினிலிருந்து பின் அச்சு. வளைவில் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் இல்லாமல் இரண்டு பின்சக்கரமும் ஒரே அச்சில் பூட்டியிருக்கும். பிரேக்கும் அந்தப் பின் அச்சில் மட்டும்தான்.

புதிதாக வந்திறங்கும்போது எல்லா வண்டியும் ஒன்றாகத்தான் இருக்கும். கெடுப்பது பயன்பாடும் கடற்காற்றும். செயினில் தடவிய கிரீஸில் மணல் ஒட்டி ஆரஞ்சு நிறக் களிம்பாகப் படிந்திருப்பதைக் குனிந்தாலே பார்க்கலாம். அந்த மணல்தான் பல்சக்கரத்தைத் தேய்க்கிறது. பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதிக்கிறவர்கள் ஓட்டிய வண்டியில் கிளட்ச் லைனிங் கருகிப்போய், சத்தம் ஏறும், இழுவை ஏறாது. பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் உப்பில் இறுகினால் பேட் டிஸ்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். டயர் அடுக்கில் மோதி சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) கொஞ்சம் வளைந்திருந்தால் இடது வளைவில் ஒரு மாதிரி, வலது வளைவில் வேறு மாதிரி திரும்பும். எல்லாம் சேர்ந்து நல்ல வண்டிக்கும் மட்டமான வண்டிக்கும் ஒரு சுற்றில் ஒரு நொடி சொச்சம் வித்தியாசம் வரும்.

ஏறும் முன் ஒரு நிமிடம் போதும், அதற்குள் இவ்வளவையும் பார்த்துவிடலாம். எஞ்சின் அணைந்திருக்கும்போது கையால் தள்ளுங்கள். தடையில்லாமல் உருள வேண்டும், மக்கர் பண்ணினால் பிரேக் ஒட்டுகிறது. செயின் கவருக்குக் கீழே எட்டிப் பார்த்தால் செயினின் நடுவில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஆட்டம் இருக்கிறதா என்று கண்ணாலேயே தெரியும். அதற்கு மேல் தொங்கினால் கழன்றுவிடும், விறைத்திருந்தால் சக்தியைத் தின்னும். எஞ்சின் ஓடும்போது அந்தப் பக்கம் கை போகவே கூடாது. பின் டயர்களில் ஒரே இடத்தில் தட்டையாகத் தேய்ந்த திட்டு இருந்தால் யாரோ பிரேக்கைப் பூட்டிச் சறுக்கியிருக்கிறார்கள், ஓடும்போது தடதடக்கும். கடைசியாக, ஸ்டியரிங் நேராக இருக்கும்போது முன்சக்கரங்களும் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வண்டி தேறிவிட்டால் மிச்சம் ஆளின் வேலை. முதல்முறை வருகிறவருக்கும் பழகிய கைக்கும் நடுவில் ஐந்தாறு நொடி சர்வசாதாரணமாக இருக்கும். அவ்வளவும் வளைவில்தான் போகிறது. 5.5 குதிரைத்திறன் எஞ்சினால் இழந்த வேகத்தைச் சட்டென்று மீட்க முடியாது. நேராக இருக்கும்போதே பிரேக்கை மிதித்து முடித்துவிட வேண்டும். திருப்பிக்கொண்டே மிதித்தால், பின்னால் மட்டும் பிரேக் இருப்பதால், வண்டி பம்பரமாகச் சுற்றும். ஸ்டியரிங்கை ஒரே சீராக ஒருமுறை திருப்பினால் உள்பக்கப் பின்சக்கரம் லேசாகத் தூக்கும், பூட்டிய அச்சு திரும்ப அதுதான் வழி. வெட்டி வெட்டித் திருப்புகிறவர்களுக்கு அந்தச் சக்கரம் கீழேயே கிடந்து இழுக்கும். டயர் கிரீச்சிடுவது சினிமாவில் அழகு, இங்கே நேர நஷ்டம்.

உடல் எடையும் கணக்கில் உண்டு. வண்டி சுமார் 150 கிலோ என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ ஆள் ஏறினால் 210, 90 கிலோ ஆள் ஏறினால் 240. ஏழில் ஒரு பங்கு கூடுதல் பாரம், ஹேர்பின்னை விட்டு வெளியேறும்போது அப்பட்டமாகத் தெரியும். ஃபார்முலா ஒன்னிலேயே 2019-இல் ஓட்டுநரும் இருக்கையும் சேர்ந்து குறைந்தது 80 கிலோ இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். இங்கே இலேசான ஆளின் வண்டியில் எடைக்கட்டி வைக்கும் ஏற்பாடு இல்லை. இது பெரிய குறை.

தோற்றவர் "வண்டி சரியில்லை" என்பதும் ஜெயித்தவர் "கை வேணும்டா" என்பதும் எப்போதும் நடப்பது. தீர்ப்புச் சொல்ல வழி இருக்கிறது. இரண்டு பேர் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் எடுத்து, நடுவில் வண்டியை மாற்றிக்கொள்ளுங்கள். டயர் சூடேறும் முதல் இரண்டு சுற்றை விட்டுவிட்டு, சிறந்த சுற்றை மட்டும் எடுங்கள். உதாரணமாக முதலாமவர் ஒன்றாம் வண்டியில் 42.0 நொடி, இரண்டாமவர் இரண்டாம் வண்டியில் 43.5. மாற்றிய பிறகு முதலாமவர் 42.8, இரண்டாமவர் 42.7. ஒரே வண்டியில் ஆளுக்கு ஆள் 0.7, ஒரே ஆளுக்கு வண்டிக்கு வண்டி 0.8. முதல் ஆட்டத்தில் தெரிந்த ஒன்றரை நொடியில் பாதிக்கு மேல் வண்டியுடையது.

பெரிய பந்தயத்திலும் இதே கணக்குதான். ஃபார்முலா ஒன்னின் 2020 சாகிர் கிராண்ட் பிரியில் மெர்சிடிஸ் அணியின் ஹாமில்டனுக்குக் கோவிட் வந்ததால், அதுவரை வில்லியம்ஸ் அணியில் ஒரு புள்ளிகூட எடுக்காத ஜார்ஜ் ரஸ்ஸல் அவருடைய மெர்சிடிஸில் ஏறினார். தகுதிச் சுற்றில் முதலிடத்துக்கு 0.026 நொடி பின்னால் நின்றார். ஆள் அதே ஆள், மாறியது வண்டி. ஆனால் 2023-இல் ரெட்புல் அணி 22 பந்தயத்தில் 21 ஜெயித்தபோது, அதன் இரண்டு ஓட்டுநர்களில் அதே காரில் வெர்ஸ்டாப்பன் 575 புள்ளி, பெரெஸ் 285. அங்கே ஓட்டுகிறவர்கள் எல்லாரும் சல்லடையில் சலித்து வந்தவர்கள், அதனால் அணிக்கு அணி வித்தியாசத்தைக் கார் தீர்மானிக்கிறது. கார் ஒன்றானால்தான் ஆள் தெரிவார். நம் ஊர்த் தடத்தில் எல்லாரும் சலித்து வந்தவர்கள் இல்லை, யார் மோதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. புதியவர்களுக்குள் போட்டி என்றால் வண்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. வாராவாரம் வரும் கடலூர், பாண்டிப் பசங்களுக்குள் என்றால், எந்த நம்பர் வண்டி கிடைத்தது என்பதிலேயே பாதி முடிந்துவிடும்.

அதனால்தான் ரோட்டாக்ஸ் மேக்ஸ் என்ற கார்ட் பந்தயத் தொடரின் உலக இறுதிப் போட்டியில் எஞ்சினும் சேசிஸும் குலுக்கலில் தருகிறார்கள். இந்தத் தடத்திலும் குழுவாக வருகிறவர்களுக்குக் குலுக்கல் வைக்கலாம், செலவே இல்லை. இப்போது நடப்பது, பழக்கமானவர்கள் "அண்ணே, அந்த ஏழாம் நம்பரை எடுத்து வைங்க" என்று போனிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

சனி, ஞாயிறு சென்னைக் கூட்டம் நிறைகிறது, வண்டி தேர்ந்தெடுக்க விடமாட்டார்கள். வார நாளில் மாலை போனால் கட்டணம் குறைவு, மெக்கானிக்கும் நின்று பேசுவார், விஷயம் தெரிந்தவர். ஐப்பசி, கார்த்திகையில் போன் போட்டுவிட்டுப் போங்கள், தடம் நனைந்தால் மூடிவிடுகிறார்கள். வண்டி இழுக்கவில்லை என்று தோன்றினால் இரண்டாம் சுற்றிலேயே பிட்டுக்குள் (வண்டி நிறுத்தும் இடம்) வந்துவிடுங்கள், மறுபேச்சில்லாமல் மாற்றித் தருகிறார்கள். கடிகாரத்தை மட்டும் நிறுத்தமாட்டார்கள், எவ்வளவு தாமதிக்கிறீர்களோ அவ்வளவு நிமிடம் போச்சு.