டெர்ராஃபார்மிங் மார்ஸ் போர்டு கேம்: ஆக்சிஜன் ஏறுகிறது சரி, காற்றழுத்தம் எங்கே?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெட்டியில் 2 மணி நேரம் என்று போட்டிருப்பதை நம்பி இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் இதை விரிக்காதீர்கள். எல்லோரும் புதிது என்றால் மூன்று மணி நேரமாவது ஆகும், அதிலும் 200க்கு மேல் இருக்கும் கார்டுகளில் கைக்கு வருவதையெல்லாம் திருப்பித் திருப்பிப் படிக்கிற ஒருவர் கூட்டத்தில் இருந்துவிட்டால் விடிந்துவிடும்.

ஸ்வீடனின் ஜேக்கப் ஃப்ரிக்சீலியஸ் வடிவமைத்து 2016இல் வந்த ஆட்டம். டெர்ராஃபார்மிங் என்றால் ஒரு கிரகத்தை மனிதர் வாழத் தக்கதாக மாற்றுவது, அதைச் செய்ய ஆளுக்கொரு கம்பெனி. செவ்வாயின் வெப்பநிலையை மைனஸ் 30இலிருந்து பிளஸ் 8 டிகிரிக்கு ஏற்ற வேண்டும், ஆக்சிஜனை 14 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும், 9 கடல் வைக்க வேண்டும். மூன்றும் நிறைந்தால் ஆட்டம் முடிவுக்கு வரும், புள்ளி அதிகம் வைத்திருப்பவர் ஜெயித்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆடுகிற யாருக்கும் செவ்வாய் மேல் துளி அக்கறை கிடையாது என்பதுதான். ஒரு படி ஏற்றினால் உங்கள் மதிப்பீடு ஒன்று கூடும், மதிப்பீடு கூடினால் அடுத்த சுற்றில் வரும் பணம் கூடும், அந்தப் பேராசையில்தான் எல்லோரும் மாங்கு மாங்கென்று கடல் வைக்கிறார்கள். எதிரில் இருப்பவர் பசுமை டைல் போட எட்டுச் செடி வேண்டும் என்று ஏழு சேர்த்து வைத்திருக்கும் நேரம் பார்த்து ‘டீமோஸ் டவுன்’ கார்டை எடுத்து, செவ்வாயின் குட்டி நிலாவையே கீழே தள்ளிவிடலாம்! வெப்பம் மூன்று படி ஏறும், கையில் எஃகு சேரும், அவர் செடி அத்தனையும் காலி. கிரகத்துக்கு நல்லது செய்துகொண்டே பழி தீர்த்துக்கொள்ள வேறு எந்த ஆட்டத்தில் முடியும்?

மீன் விட பிளஸ் 2 டிகிரி வேண்டும், பறவைக்கு 13 சதவீத ஆக்சிஜன் வேண்டும் என்று வரிசை வைத்திருப்பதில் யோசித்துச் செய்த வேலை தெரிகிறது. ஆனால் காற்றழுத்தத்துக்கு மட்டும் தனி அளவுகோல் இல்லை. நிஜத்தில் இடிப்பதே அங்கேதான். செவ்வாயில் இப்போதுள்ள அழுத்தம் பூமியில் இருப்பதில் ஒரு சதவீதம்கூட வராது. எளிதாக எடுக்க முடிகிற கரியமில வாயுவை எல்லாம் கிளப்பிவிட்டாலும் அந்த அழுத்தம் இப்போதிருப்பதைப் போல மூன்று மடங்கு அளவுக்குத்தான் போகும் என்று விஞ்ஞானிகள் ஜக்கோஸ்கியும் எட்வர்ட்ஸும் 2018இல் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள், அது எந்த மூலைக்கு? நாசாவின் பெர்சிவியரன்ஸ் ரோவரோடு செவ்வாய்க்குப் போன மாக்ஸி கருவி 2023 வரை 16 தடவை ஓடி, அங்குள்ள காற்றிலிருந்து மொத்தமாகத் தயாரித்த ஆக்சிஜன் 122 கிராம். ஒரு ஆள் ஒரு நாள் மூச்சுவிடவே 800 கிராம் ஆகும். இதைத் தெரிந்துகொண்டு ஆடும்போது ஒரு பச்சை டைலை வைத்து கிரகம் முழுக்க ஆக்சிஜனை ஒரு சதவீதம் ஏற்றுவது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. ஆனால் ஒன்று, கதை நடப்பது 2400களில், ஒவ்வொரு சுற்றுக்கும் பெயரே தலைமுறை, அதனால் நாளைக்கே ஆகிவிடும் என்று அவர்கள் புளுகவில்லை.

பெட்டியைப் பற்றி: ஆளுக்கொன்றாகத் தரும் அட்டை மெலிசு, அதன் மேல் கட்டைகளை வைத்துத்தான் முழுக் கணக்கும், மேசையை யாராவது இடித்தால் யாருக்கு எவ்வளவு வருமானம் என்று பஞ்சாயத்துதான். குழி வைத்த அட்டை தனியாகக் கிடைக்கிறது, சேர்த்து வாங்கிவிடுங்கள். படங்களும் ஒரு கார்டில் ஓவியம், அடுத்ததில் போட்டோ என்று ஒட்டாமல் கிடக்கும்.

ஐந்து பேர் வரை ஆடலாம், மூன்று பேர்தான் கச்சிதம். ஆள் கிடைக்காவிட்டால் தனியாகவும் ஆடலாம், 14 தலைமுறைக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும், சும்மா இல்லை, நன்றாகவே திணறடிக்கும்.