மூளையதிர்வுக்குப் பின் மணிக்கயிற்றுடன் 14 மாதங்கள்

படியில் வழுக்கிப் பின்தலையில் அடிபட்டபோது சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை, எழுத்துப் பலகையிலும் இரு கண்களுக்கும் 6/6. ஆயினும் பத்து வரி படிப்பதற்குள் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், நெற்றி கனக்கும். தனித்தனியே நன்றாகப் பார்க்கும் கண்கள் சேர்ந்து பார்க்கத் தடுமாறுவதை அந்தப் பலகை காட்டாது என்பது மூன்று மாதங்கள் கழித்தே தெரிந்தது. மூக்கை நோக்கி நகரும் பேனா முனை ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் வரை ஒன்றாகத் தெரிய வேண்டும். எனக்கோ 18 சென்டிமீட்டரிலேயே இரண்டானது. அருகில் பார்க்க இரு கண்களும் உள்நோக்கித் திரும்பி ஒரே புள்ளியில் போதிய அளவு சேராத இதைக் குவிவுக் குறைபாடு என்கிறார்கள்.

பயிற்சிக்குக் கொடுத்தது ப்ராக் கயிறு, அதாவது வண்ண மணிகள் கோத்த வெறும் நூல். ஒரு முனையைக் கதவுப் பிடியில் கட்டி, மறுமுனையை மூக்கு நுனியில் வைத்து ஒரு மணியை நோக்கினால், மணி ஒன்றாகவும், கயிறு இரண்டாகி அந்த மணியிலேயே குறுக்கிடுவதாகவும் தெரிய வேண்டும். குறுக்கீடு மணிக்கு அப்பால் விழுந்தால் கண்கள் போதிய அளவு குவியவில்லை. ஒரு கயிறு மறைந்தால் மூளை ஒரு கண்ணை ஒதுக்கிவிட்டது. நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள இதில் இடமில்லை என்பதே இதன் பெருஞ்சிறப்பு.

ஆர்வக் கோளாறில் முதல் வாரமே 20 நிமிடங்கள் செய்துவிட்டு மாலை வரை குமட்டலோடு படுத்துக் கிடந்தேன். பிறகு இரண்டு நிமிடம் செய்வது, தலைவலி கூடினால் நிறுத்துவது, தணிந்தபின் தொடர்வது என்று மாற்றிக்கொண்டேன். வீட்டில் மட்டும் செய்த மாதங்களில் முன்னேற்றம் மந்தம். தலையைச் சாய்த்தே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைப் பயிற்சியாளர்தான் கண்டுபிடித்தார். எட்டாம் மாதத்தில் 8 சென்டிமீட்டரை எட்டினேன்.

ஒளியை விலக்கி, கண்கள் குவிய வேண்டிய அளவைக் குறைக்கும் பிரிசம் கண்ணாடி, அணிந்திருக்கும்வரை படிப்பதை எளிதாக்கியது. குறைபாட்டை அது தீர்ப்பதில்லை. வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி அணிந்தது என் தவறு: கண்கள் இருளுக்குப் பழகி, வெளிச்சம் முன்னிலும் அதிகமாகக் கூசியது. எஃப்.எல்.-41 என்னும் இளஞ்சிவப்புச் சாயக் கண்ணாடியைக் குழல்விளக்கின் கீழ் மட்டும் இன்றும் அணிகிறேன். தலையைத் திருப்பும்போது வந்த கிறுகிறுப்புக்குக் கயிறு உதவவே இல்லை. ஓர் எழுத்தை நோக்கியபடியே தலையை இடமும் வலமும் அசைக்கும் வேறு பயிற்சியில்தான் அது குறைந்தது.

இப்போது 40 நிமிடங்கள் தொடர்ந்து படிக்கிறேன். கயிறு இன்னும் கதவில்தான் தொங்குகிறது. சரியாகத் தூங்காத இரவின் மறுநாள் காலையில் குறுக்கீடு மணிக்கு அப்பால் போய்விடுகிறது.