பொட்டலத்தில் பூஞ்சை இல்லை, உரம்தான் இருந்தது

திசு வளர்ப்புச் செடிகளுக்கு மைக்கோரைசா (வேரோடு கூட்டுச் சேர்ந்து வாழும் வேர்ப்பூஞ்சை) பொடி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். 200 ஜெர்பெரா பூச்செடிக் கன்றுகளில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போன பிறகு எழுதுகிறேன்.

ஆய்வகப் பாட்டிலில் வளரும் திசு வளர்ப்புக் கன்று செல்லப்பிள்ளை மாதிரி. சர்க்கரை கலந்த கூழில், கிருமி வாசமே படாமல் வளர்ந்தது. இலையில் மெழுகுப் பூச்சு போதாது, இலைத்துளைகள் சரியாக மூடாது, வேர்த்தூவியும் குறைவு. அதனால்தான் பாட்டிலிலிருந்து நாற்றுத் தட்டுக்கு மாற்றும் நாளிலேயே வேரில் படும்படி வேர்ப்பூஞ்சை கொடுக்கச் சொல்கிறார்கள். அதன் இழைகள் வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இழுத்து வந்து தரும், பதிலுக்குச் செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். இதெல்லாம் உண்மைதான். நான் வாங்கிய பொட்டலம்தான் பொய்.

‘கிராமுக்கு 10 கோடி சிஎஃப்யூ’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். சிஎஃப்யூ என்பது ஆய்வகத் தட்டில் வளர்த்து எண்ணும் கணக்கு. பாக்டீரியாவுக்கும் ட்ரைக்கோடெர்மா என்ற பூஞ்சைக்கும் அது சரி. ஜெர்பெராவோடு சேரும் வேர்ப்பூஞ்சைக்கு உயிருள்ள வேர் வேண்டும், வெறும் தட்டில் அது வளராது. கிராமுக்கு எத்தனை வித்து (பூஞ்சையின் ஸ்போர்) என்றுதான் அதற்குக் கணக்கு. போதாததற்கு அட்டையில் ஆர்க்கிட் படம் வேறு. ஆர்க்கிட் கூட்டுச் சேரும் பூஞ்சைகளே வேறு இனம்!

பத்தாம் நாள் மண்மேல் பஞ்சு போல வெள்ளையாகப் பூத்தது. விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். “சூப்பர் சார், மைக்கோரைசா பிடிச்சிருச்சு” என்று பதில் வந்தது. இலைகளும் கரும்பச்சையாக இருந்ததால் நம்பிவிட்டேன். வேர்ப்பூஞ்சை வேருக்குள் இருப்பதைச் சாயமேற்றி நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும். மேலே பூத்தது மக்கைத் தின்னும் ஏதோ பூசணம் என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் வாரம் இலை விளிம்புகள் கருகின. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர்நுனி எல்லாம் பழுப்பாக, தொட்டால் நைந்து போகிற பதத்தில் இருந்தது. அப்புறம்தான் பொட்டலத்தின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தேன்: கூட்டு உரம், ஹியூமிக் அமிலம். பச்சை வந்ததும் உரத்தால்தான், வேர் வெந்ததும் உரத்தால்தான். மணிச்சத்து அள்ளிக் கிடைத்தால் செடி பூஞ்சையைச் சேர்த்துக்கொள்ளாது என்பதால், உள்ளே நிஜப் பூஞ்சையே இருந்திருந்தாலும் பயனில்லை. கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் நண்பர் பொடியைச் சல்லடையில் அலசிப் பார்த்தார். வித்து ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வேருக்கு டிரைபான் நீலச் சாயம் ஏற்றியும் பார்த்தார், இழை இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும், “கார்பெண்டாசிம் ஊத்தினீங்களா சார்?” என்றார் விற்றவர். ஊற்றியிருந்தேன். அது பூஞ்சைக்கொல்லி, நல்ல பூஞ்சையையும் கெடுக்கும் என்பதால் அது என் தப்புதான். ஆனால் இல்லாத பூஞ்சையை எந்த மருந்து கொல்லும்? அதைக் கேட்ட பிறகு என் அழைப்பை அவர் எடுப்பதில்லை.

வாங்கியே ஆக வேண்டுமென்றால் எந்த இனம், கிராமுக்கு எத்தனை வித்து, எப்போது தயாரித்தது, உரம் கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள். கொஞ்சம் கன்றுகளைப் பொடி போடாமல் தனியே வையுங்கள். நான் அதைக்கூடத் திட்டமிட்டுச் செய்யவில்லை, பொடி தீர்ந்துபோய் ஒரு தட்டு தப்பித்தது. அதிலிருந்த 24 கன்றுகளில் 21 இப்போது புது இலை விட்டிருக்கின்றன.