நான்கு சம்பா பருவங்கள், மவுஸ் இல்லாமல்: விசைப்பலகையால் மட்டும் இணைய உலாவல்

ஆடுதுறையில் நான் நடத்தும் சிறிய கணினி மையத்துக்கு, சம்பா பயிர்க் காப்பீட்டுப் பதிவு தொடங்கிவிட்டால், சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்குப் புத்தகம், ஆதார் நகல் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு காலை எட்டு மணிக்கே விவசாயிகள் வந்துவிடுவார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு பருவத்தின் முடிவில் வலது மணிக்கட்டு வீங்கி விரல்கள் மரத்துப்போனபோது, ஒரு மாதம் மவுஸைத் தொடவே கூடாது என்றார் மருத்துவர். அந்த ஒரு மாதப் பழக்கம் இன்றுவரை நீடிக்கிறது. கும்பகோணத்துத் தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவன் என்பதால், விரலை நடு வரிசையிலிருந்து எடுக்காமல் வேலை செய்வது எனக்கு இயல்பாகவே பொருந்திவந்தது.

அடிப்படை விசைகள் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிட்டன. டேப் அடுத்த இடத்துக்கும், ஷிப்ட்டுடன் டேப் முந்தைய இடத்துக்கும் கொண்டுபோகும். கண்ட்ரோல் எல் முகவரிப் பட்டைக்குச் செல்லும்; தவறி மூடிய தாவலைக் கண்ட்ரோல் ஷிப்ட் டி (T) மீட்டுத் தரும்; கண்ட்ரோலுடன் 1 முதல் 8 வரையுள்ள எண்கள் அந்தந்த வரிசைத் தாவலுக்கும், 9 கடைசித் தாவலுக்கும் உரியவை. விண்ணப்ப எண்ணை நகலெடுக்க எஃப்7 தட்டிப் பக்கத்துக்குள் ஒரு எழுத்துச் சுட்டியை வரவழைத்து, ஷிப்ட்டும் அம்புக்குறியும் கொண்டு தேர்ந்தெடுக்கிறேன்.

உண்மையான பழக்கம் அதற்குப் பிறகுதான் தேவைப்பட்டது. பயர்பாக்ஸில் ஒற்றை மேற்கோள்குறியைத் தட்டி ஒரு இணைப்பின் சில எழுத்துகளை அடித்தால், இணைப்புகளுக்குள் மட்டும் தேடி அங்கே போய் நிற்கும். என்டர் தட்டினால் திறந்துவிடும். நாற்பது முறை டேப் அடிக்க வேண்டிய பக்கத்தில் இது பெரிய உதவி. ஆனால் தமிழில் அடிக்க நான் பயன்படுத்துவது தமிழ்99 விசை அமைப்பு. அதில் ஒற்றை மேற்கோள்குறியின் இடத்தில் ய இருக்கிறது. பக்கம் முழுவதும் தேட உதவும் சாய்கோட்டின் இடத்தில் ழ இருக்கிறது. குரோமில் விமியம் நீட்சியை நிறுவினால் எஃப் விசை ஒவ்வொரு இணைப்பின் மேலும் எழுத்துகளைக் காட்டும், அவற்றை அடித்தால் அந்த இணைப்பு திறக்கும், ஆனால் தமிழ்99இல் எஃப் என்பது புள்ளி. ஆகவே பயர்பாக்ஸில் ஆங்கில அமைப்பில் இருந்தபடி அந்த மேற்கோள்குறியால் தேடல் பட்டையைத் திறந்து, விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் அழுத்தித் தமிழுக்கு மாறி, சில வினாடிகளில் அந்தப் பட்டை தானாக மறைவதற்குள் எழுத்துகளை அடித்துவிட வேண்டும். இந்த ஒரு வரிசை விரலில் பதிய எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின. கண்ட்ரோலுடன் சேரும் விசைகள் என் கணினியில் எந்த மொழியிலும் ஒன்றுபோலவே வேலை செய்வதால் அவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

விசைப்பலகைக்கு மாறுபவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டியது படிவத்தில் கீழே விரியும் ஊர்ப் பட்டியலில். பட்டியலில் நின்றுகொண்டு எழுத்துகளை விரைவாகத் தட்டினால் பொருந்தும் ஊருக்குத் தாவும். ஏறத்தாழ ஒரு வினாடி இடைவெளி விட்டால் தேடல் முதலிலிருந்து தொடங்கிவிடும். திருவிடைமருதூர், திருநாகேஸ்வரம், திருபுவனம், திருப்பனந்தாள் என்று எங்கள் பக்கம் எல்லாமே 'திரு' என்பதால், முதல் ஐந்தாறு ஆங்கில எழுத்துகளை ஒரே மூச்சில் கடந்தால்தான் ஊர் பிரிந்து வரும். முதல் பருவத்தில் ஒருநாள் திருநாகேஸ்வரம் என்று சரியாகத் தேர்ந்துவிட்டு, பக்கத்தைக் கீழே இறக்குவதற்காக அம்புக்குறியைத் தட்டினேன். விண்டோஸில் மூடியிருக்கும் பட்டியலிலும் அம்புக்குறி தேர்வை மாற்றிவிடும். பக்கம் நகரவில்லை, ஊர் ஒரு படி நகர்ந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. அச்செடுத்த தாளை வாங்கிப் பார்த்த பெரியவர், "தம்பி, இது எங்க ஊரு இல்லியே" என்றார். காப்பீட்டுப் பதிவில் ஊர் மாறினால் இழப்பீடே கைவிட்டுப் போகலாம் என்பதை நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. எண் பெட்டிகளிலும் அதே ஆபத்து உண்டு. மேல் அம்புக்குறி பரப்பளவை ஒன்று கூட்டிவிடும். அன்றிலிருந்து தேர்ந்தெடுத்த உடனே டேப் அடித்து வெளியே வந்துவிடுகிறேன், அனுப்புவதற்கு முன் ஊர்ப்பெயரை உரக்கப் படித்துக் காட்டுகிறேன்.

இதெல்லாம் என் பக்கத்துக் கவனக்குறைவு. தளங்களின் பக்கத்துக் குறை வேறு. டேப் நிற்கும் இடத்தைச் சுற்றி உலாவி ஒரு கோடு வரையும். பக்கம் அழகாக இருக்க வேண்டும் என்று வடிவமைப்பாளர்கள் சிலர் அதை அழித்துவிடுகிறார்கள். கோடு இல்லாத பக்கத்தில் டேப் அடிப்பது, மின்சாரம் போன வீட்டில் தீப்பெட்டி தேடுவதைப் போன்றது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008இல் வெளியிட்ட அணுகல்தன்மை நெறிகளின் 2.0 பதிப்பிலேயே, எல்லாச் செயல்களும் விசைப்பலகையால் இயல வேண்டும், விசைப்பலகையால் ஓரிடத்துக்குள் போனவர் வெளியே வர முடியாமல் சிக்கக் கூடாது, நிற்கும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற மூன்றும் இருக்கின்றன. அப்படியிருந்தும் நான் அடிக்கடி செல்லும் ஒரு தளத்தில், 'சமர்ப்பி' என்று எழுதிய வண்ணப் பெட்டி உண்மையான பொத்தானே அல்ல. டேப் அதன் மேல் நிற்பதில்லை. இடது ஆல்ட், இடது ஷிப்ட், நம்லாக் மூன்றையும் அழுத்தி விண்டோஸின் மவுஸ் கீஸ் வசதியை இயக்கி, வலப்புற எண் விசைகளால் சுட்டியை நகர்த்தி, 5ஐத் தட்டிக் கடந்துபோகிறேன்.

என் மையத்துக்கு வரும் பார்வையற்ற கல்லூரி மாணவர் ஒருவர் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறார். எச் விசையால் தலைப்புக்குத் தலைப்பு தாவி அவர் ஒரு பக்கத்தைப் புரிந்துகொள்ளும் வேகம் எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் அந்தப் பொய்ப் பொத்தான் இருக்கும் பக்கத்தில் அவர் நின்றுவிடுகிறார், ஏனெனில் சுட்டி எங்கே போகிறது என்று பார்த்து நகர்த்தும் என் மாற்றுவழி அவருக்கு உதவாது. ஒவ்வொரு முறையும் கடைசித் தட்டலுக்கு மட்டும் அவர் என்னை அழைக்க வேண்டியிருக்கிறது. பக்கத்தின் முகவரி, பொத்தானின் பெயர், டேப் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குத் தாவுகிறது என்பது வரை குறித்து அந்தத் தளத்தாருக்கு இருமுறை எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. அடுத்த பதிவு தொடங்குவதற்குள் மூன்றாவது கடிதத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதப் போகிறோம்.