மனிதரை இரவல் தரும் நூலகம்

எங்கள் பகுதிப் பொது நூலகத்தின் வாசகர் வட்டம் சென்ற ஞாயிற்றுக்கிழமை நடத்திய ‘மனித நூலகம்’ நிகழ்வுக்கு மகளுடன் சென்றிருந்தேன். அலமாரியிலிருந்து நூலை எடுப்பதற்குப் பதிலாக, தம் வாழ்க்கையைப் பகிர முன்வந்த ஒருவரை அரை மணி நேரம் இரவல் பெற்று, எதிரே அமர்ந்து, வேறு எங்கும் கேட்கத் தயங்கும் கேள்விகளை அவரிடமே கேட்கலாம் என்பதுதான் இதன் முறை. 2000ஆம் ஆண்டில் டென்மார்க்கின் ரோஸ்கில்ட இசை விழாவில் ரோனி அபெர்கெலும் அவருடைய சகோதரரும் நண்பர்களும் இதைத் தொடங்கினார்கள். வன்முறைக்கு எதிராக இயங்கிய இளைஞர் அமைப்பு ஒன்றின் முயற்சியாக நான்கு நாட்கள், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் நடந்த அந்த முதல் நிகழ்வில் 50க்கும் மேற்பட்ட ‘நூல்கள்’ இருந்தன.

இங்கே ஒன்பது பேர் இருந்தார்கள். நான் தேர்ந்தெடுத்தவர் மயானத்தில் பணிபுரியும் பெரியவர். தொழிலைச் சொன்னவுடன் வாடகைக்கு வீடு தர மறுத்தவர்களைப் பற்றி அவர் பேசும்போது குரலில் கோபமே இல்லை. ஆனால், பள்ளிப் படிவத்தில் தாத்தாவின் வேலையை என்னவென்று எழுதுவது எனப் பேரன் கேட்ட நாளைச் சொல்ல வந்தபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். “நீங்கள் என்ன சொன்னீர்கள், ஐயா?” என்று கேட்டேன். “உள்ளதை எழுதச் சொன்னேன், அம்மா” என்றார். எத்தனை கட்டுரைகளைப் படித்திருந்தாலும் அந்த மௌனம் எனக்குக் கிடைத்திருக்காது.

நூலைச் சேதமின்றித் திருப்பித் தர வேண்டும் என்ற விதி மனிதருக்கும் பொருந்தும் என்பதையும், விரும்பாத கேள்விக்கு அவர் பதில் சொல்லத் தேவையில்லை என்பதையும் நூலகர் தொடக்கத்திலேயே ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கியது மிகச் சிறப்பு. அந்த விளக்கம் இல்லாவிட்டால் இந்த நிகழ்வு விசாரணையாக மாறிவிடக்கூடும்.

குறை என்று சொன்னால், பார்வையற்ற ஆசிரியரின் மேசையைச் சுற்றி எட்டுப் பேரை அமரவைத்ததைத்தான் சொல்ல வேண்டும். அங்கே உரையாடல் போய்ச் சொற்பொழிவு வந்துவிட்டது. கூச்சத்தால் ஓரத்தில் அமர்ந்திருந்த என் மகள் ஒரு கேள்வியும் கேட்காமலே எழுந்து வந்தாள். ஒரு மேசைக்கு இருவர் என்று வரம்பு வைத்து, நாளிதழ்ப் பகுதியின் சத்தம் எட்டாத மாடி அறையை ஒதுக்கினால் நன்றாயிருக்கும். அனுமதி இலவசம், பெயர்ப் பதிவு காலை பத்து மணிக்கே நிறைந்துவிடுவதால் முன்னதாகச் செல்வது நல்லது. அடுத்த முறைக்கு அந்த ஆசிரியரின் பெயருக்கு நேரே தன் பெயரை மகள் இப்போதே எழுதி வைத்துவிட்டாள்.