பில்லில் ‘நெட்வொர்க் டியூனிங்’ என்று இருந்தால் காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் திருமண வீடியோ எடிட்டிங் செய்கிறோம். நான்கு பேர், நான்கு கணினி, எல்லாருக்கும் பொதுவாக ஒரு லினக்ஸ் சர்வர். அந்த ஒரு சர்வரை வைத்து ஒரே ஆள் எங்களிடம் மூன்று முறை காசு வாங்கினார். மொத்தம் 2,270 வெள்ளி. அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. நடந்ததை மட்டும் முழுசாகச் சொல்கிறேன். சிறு தொழில் நடத்தும் நம்மில் நிறையப் பேர் இப்படித் தெரிந்தவர் மூலம் வரும் ஆட்களை நம்பித்தான் கணினி வேலையைக் கொடுக்கிறோம்.

மார்ச் மாதம் சர்வரை வைத்துக் கொடுத்தார். ஆறு கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி), பன்னிரண்டு த்ரெட் (ஒவ்வொரு கோரும் இரண்டு ஆளாகக் கணக்கு) உள்ள பிராசசர், வினாடிக்கு 10 கிகாபிட் தரவு வாங்கும் நெட்வொர்க் கார்டு, வேகமான எஸ்எஸ்டி. எடிட்டிங் மேசைகளுக்கு ஆளுக்கு 2.5 கிகாபிட். பொருள்களின் விலைக்குக் கீழே ‘நெட்வொர்க் டியூனிங் 180 வெள்ளி’ என்று தனியாக ஒரு வரி இருந்தது. அது என்ன தம்பி என்று கேட்டேன். “சர்வர் வேகமா ஓடறதுக்கு செட்டிங்ஸ், அண்ணே” என்றார். விவரம் தெரிந்தவர் சொல்கிறார் என்று கொடுத்துவிட்டேன்.

எங்களுக்கு வேகம் தேவைப்படுவது கல்யாணத்துக்கு மறுநாள் காலையில். நான்கு கேமரா கார்டுகளும் நான்கு மேசையிலிருந்து ஒரே நேரத்தில் சர்வரில் ஏற வேண்டும். பெரிய கல்யாணம் என்றால் இரண்டு டெராபைட் வரும். அரை மணியில் ஏற வேண்டியது ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அளந்து பார்த்தால் நான்கு மேசையும் சேர்ந்தே 3 கிகாபிட்டைக் கொஞ்சம்தான் தாண்டியது. ஆனால் ஒரே ஆள் தனியாக ஏற்றினால் 2.3 வரை போனது. எந்த மேசையிலிருந்து ஏற்றினாலும் அப்படித்தான். இதை அவரிடம் அன்றைக்கே சொன்னேன்.

ஜூன் மாதம் வந்தவர், கேபிள்தான் கோளாறு என்றார். கேட் 6 கேபிளை எல்லாம் உருவிவிட்டு கேட் 6ஏ போட்டார். 640 வெள்ளி. எங்கள் கடையில் மிக நீளமான கேபிளே 20 மீட்டர் இருக்காது. கேட் 6 கேபிள் 10 கிகாபிட்டை 55 மீட்டர் வரை தாங்கும். இது எனக்கு அப்போது தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேபிள் கெட்டிருந்தால் அந்த ஒரு மேசை தனியாக ஏற்றும்போதும் தடுமாறியிருக்கும். வேகம் துளிகூட மாறவில்லை.

ஆகஸ்டில், பிராசசருக்குத் திராணி போதவில்லை என்றார். நான் திரையைக் காட்டினேன்: மொத்தப் பயன்பாடு பத்து சதவீதம்தான் இருந்தது. “அது அப்படித்தான் காட்டும், கோர் ஜாஸ்தி வேணும் அண்ணே” என்று சொல்லி, பன்னிரண்டு கோர், இருபத்து நான்கு த்ரெட் பிராசசரை மாட்டினார். 1,450 வெள்ளி. மாட்டி முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, “பாருங்க, பத்து இப்ப அஞ்சாயிடுச்சு, பாதி பாரம் குறைஞ்சிருச்சு” என்று காட்டினார். மறுநாள் காலை கார்டுகளை ஏற்றினோம். அதே 3 கிகாபிட்.

அந்தப் பத்தும் ஐந்தும்தான் என் கண்ணைக் கட்டின. தீபாவளிக்கு முந்தின வாரம் அக்கா மகன் கடைக்கு வந்தான், பாலிடெக்னிக்கில் படிக்கிறவன். கார்டுகள் ஏறிக்கொண்டிருக்கும்போது சர்வரில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாப் (top) கட்டளையை ஓடவிட்டு, எண் 1 விசையைத் தட்டினான். சராசரி ஒற்றை வரி போய், த்ரெட்டுக்கு ஒன்றாக இருபத்து நான்கு வரி வந்தது. இருபத்து மூன்று வரிகளில் ஒன்று, இரண்டு என்று ஏதோ ஓடியது. முதல் வரி மட்டும் நூறைத் தொட்டு நின்றது, அசையவே இல்லை. “மாமா, மொத்தத்தைப் பார்த்து என்ன பிரயோஜனம்? ஒருத்தன் தலையிலதான் எல்லாம் விழுது” என்றான்.

பன்னிரண்டில் ஒன்று நிரம்பினால் மொத்தம் எட்டு சதவீதம் காட்டும். இருபத்து நான்கில் ஒன்று நிரம்பினால் நான்கு. மற்ற சில்லறை வேலை சேர்ந்து பத்தும் ஐந்தும் ஆகியிருக்கிறது. பாரம் குறையவே இல்லை, வகுக்கும் எண்தான் கூடியது. அதற்குத்தான் 1,450 வெள்ளி கொடுத்திருக்கிறேன்.

ஏன் ஒரே கோர்? 10 கிகாபிட் முழு வேகத்தில் வந்தால் சாதாரண 1500 பைட் பாக்கெட் (தரவை நறுக்கி அனுப்பும் துண்டு) வினாடிக்கு எட்டு லட்சத்துக்கு மேல் வரும். ஒரு பாக்கெட்டுக்கு ஒன்றேகால் மைக்ரோ வினாடிதான் நேரம். ஒரு கோர் மட்டும் அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் மூச்சு முட்டும். அதனால்தான் நல்ல கார்டுகளில் பல வரிசைகள் வைத்திருக்கிறார்கள். வரும் இணைப்பைப் பொறுத்துப் பாக்கெட்டுகளை வெவ்வேறு வரிசைக்கு அனுப்பும், ஒவ்வொரு வரிசையையும் ஒவ்வொரு கோர் கவனிக்கும். இதுபோக, சிறு பாக்கெட்டுகளைச் சேர்த்துப் பெரிய கட்டாக மேலே தரும் ஆஃப்லோட் வசதியும் உண்டு. அதில் கோருக்கு நிறைய வேலை மிச்சம்.

நெட்வொர்க் கார்டின் அமைப்புகளைக் காட்டும் ஈத்டூல் (ethtool) கட்டளையில் கேட்டுப் பார்த்தோம். எங்கள் கார்டில் எட்டு வரிசை வைக்கலாம், வைத்திருந்தது ஒன்று. ஆஃப்லோட் எல்லாம் அணைந்து கிடந்தது. இவை தாமாக அப்படி ஆவதில்லை என்று பையன் தேடிக்கொண்டே போனான். சர்வர் தொடங்கும்போது ஓடும் ஒரு ஸ்கிரிப்டில் (கட்டளைக் கோப்பில்) மாட்டியது: வரிசையை ஒன்றாக்கு, ஆஃப்லோடை அணை, கோர்களுக்கு வேலையைப் பங்கிடும் ஐஆர்க்யூ பேலன்ஸை நிறுத்து. கோப்பின் தேதியைப் பார்த்தோம். மார்ச் மாத பில்லில் இருந்த அதே தேதி.

180 வெள்ளி வாங்கிக்கொண்டு செய்த டியூனிங் இதுதான். இந்த வரிகள் சும்மா யாரும் எழுதியவை அல்ல. சூரிகாட்டா போன்ற ஊடுருவல் கண்காணிப்பு மென்பொருள் ஓடும் கணினியில் பாக்கெட்டுகளை முன்பின் மாறாமல், வந்த உருவத்திலேயே பார்க்க வேண்டும். அங்கே வேண்டுமென்றே இப்படி வைப்பதுண்டு. இவர் எங்கிருந்தோ எடுத்து எங்கள் கோப்பு சர்வரில் ஒட்டியிருக்கிறார். தன் கையாலேயே வைத்த கோளாறைச் சரிசெய்ய, கேபிளும் பிராசசரும் விற்றிருக்கிறார்.

மூன்று வரியையும் எடுத்துவிட்டு வரிசையை எட்டாக்கி, சர்வரை மறுபடி தொடங்கினோம். நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் (iperf) சோதனையில் நான்கு மேசையும் சேர்ந்து 9.4 கிகாபிட். பழைய பிராசசரை இன்னும் தூக்கிப் போடவில்லை. மறு வாரம் பையன் அதையே மாட்டி அளந்தான். அதிலும் 9.4.

போன் செய்து கேட்டேன். “அப்ப உங்களுக்கு வேலை செஞ்சுச்சே அண்ணே” என்றவர், அப்புறம் எடுக்கவே இல்லை. கடைப் பெயரில் வாங்கியதால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் வழியாகப் போக முடியாது. ஆனால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் திறந்திருக்கிறது. பொருள் விற்றதும் சேவை செய்ததும் அங்கே வரும், 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். நான் போட்டுவிட்டேன். பில் மூன்று, கோப்பின் தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட், இரண்டு பிராசசரிலும் எடுத்த அளவுகள், எல்லாம் கையில் இருக்கின்றன.

உங்கள் சர்வரையும் யாராவது டியூன் செய்திருந்தால், பாரம் ஏறும் நேரத்தில் டாப் ஓடவிட்டு 1 தட்டிப் பாருங்கள். ஒரு வரி மட்டும் நூறில் நின்றால் எதையும் வாங்காதீர்கள். முதலில் என்ன மாற்றினார் என்று அவரையே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.